ஒற்றை யானை அநாதை யானையா?

கேள்வி: விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு காட்டுச் சாலையில் போனோம். தந்தம் உள்ள பெரிய யானை ஒன்று தன்னந்தனியாக மூங்கிலை ஒடித்துத் தின்றுகொண்டு நின்றது. வண்டியை நிறுத்தி, இறங்கி, கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் படம் எடுத்தோம். தலையை ஒரு ஆட்டு ஆட்டியது, மற்றபடி ஒன்றும் செய்யவில்லை. ‘கூட்டத்தை விட்டுத் துரத்திட்டாங்க போல, பாவம்’ என்றார் என் கணவர். அன்று பிடித்து என் ஒன்பது வயது மகள் விடவில்லை. ஏன் துரத்தினார்கள்? அதற்கு அம்மா இல்லையா? மூக்காலேயே தண்ணீர் குடிக்குமா? எப்போது தூங்கும்? சாகப்போகிற யானை யாருக்கும் தெரியாத இடத்துக்குப் போய்விடுமாமே? எனக்கே பதில் தெரியவில்லை. வனவிலங்கு மருத்துவரான நீங்கள் சொன்னால் அவளுக்குப் படித்துக் காட்டுவேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகளின் மனக்கஷ்டத்தைத் தீர்த்துவிடுவோம். அந்த யானையை யாரும் துரத்தவில்லை. அதற்கு அம்மா இருந்தாள், பாட்டி இருந்தாள், சித்திகள் கூட இருந்திருப்பார்கள். வயது வந்த ஆண் யானை தனியாகத் திரிவதுதான் அதன் இயல்பு. அதைப் பார்த்துப் பாவப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

நாம் யானைக் கூட்டம் என்று சொல்வது பெண்களின் குடும்பம். ஒரு மூத்த பெண், அவளுடைய தங்கைகள், மகள்கள், அவர்களுடைய குட்டிகள். அப்பாக்கள் அதில் இருப்பதில்லை. பெண் குட்டி பிறந்த குடும்பத்திலேயே வளர்ந்து, அங்கேயே தாயாகி, கிழவியாகும். ஆண் குட்டி பத்து, பதினைந்து வயதில் மெல்ல விலகத் தொடங்கும். ஒரே நாளில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடாது. கூட்டத்தின் ஓரத்திலேயே மேயும், ஒரு நாள் காணாமல் போகும், திரும்பி வரும், பிறகு ஒரு வாரம் காணாமல் போகும். முரட்டு விளையாட்டு அதிகமானால் பெரிய பெண் யானைகள் ஒரு தள்ளு தள்ளிவிடுவதும் உண்டு. உங்கள் கணவர் சொன்னதில் உண்மை இருந்தால் அந்த அளவுதான். இந்தப் பிரிவால் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்வது தவிர்க்கப்படுகிறது.

பிரிந்த பையன் முழுக்கத் தனியாகிவிடுவதும் இல்லை. தன்னைவிட மூத்த ஆண் யானைகளின் பின்னால் போகும். எந்த நேரத்தில் எங்கே தண்ணீர், எந்த மரம் எப்போது காய்க்கும், யாரிடம் மோதலாம், யாரிடம் ஒதுங்கிப் போக வேண்டும் என்பதையெல்லாம் அவற்றைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும். ஆண் யானைகளுக்குப் பெரியவர்கள் தேவையே இல்லை என்று நெடுங்காலம் நினைத்திருந்தோம். அந்த நினைப்பை உடைத்தது தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பர்க் பூங்கா. பெரிய யானைகளைச் சுட்டுக் குறைத்த இடத்திலிருந்து தாயற்ற இளம் யானைகளைக் கொண்டுவந்து அங்கே விட்டார்கள். அவற்றுக்கு மேலே பெரிய ஆண் ஒன்றுகூட இல்லை. அந்தப் பையன்களுக்கு மதம் உரிய வயதுக்கு முன்பே வந்தது, வந்தது நீண்ட நாள் நின்றது. 1992 முதல் 1997 வரை நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றன. 1998இல் குரூகர் பூங்காவிலிருந்து முதிர்ந்த ஆண் யானைகள் ஆறைக் கொண்டுவந்து விட்டார்கள். இளசுகளின் மதம் அடங்கியது, கொலைகளும் நின்றன. யாரும் பயிற்சி கொடுக்கவில்லை, சங்கிலி போடவில்லை. பெரியவர்கள் வந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

மதம் என்றால் பைத்தியம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அப்படியில்லை. முதிர்ந்த, உடல்நலமுள்ள ஆண் யானைக்கு அவ்வப்போது வந்துபோகும் நிலை அது. ஆண்மைச் சுரப்பு பல மடங்கு கூடும், இணை தேடி அலையும், எதிரே வருவது எதுவானாலும் விட்டுக்கொடுக்காது. சில வாரங்கள் நீடிக்கும், சில யானைகளுக்கு மாதக்கணக்கில். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே ஒரு சுரப்பி இருக்கிறது. அங்கிருந்து கரிய நீர் வழிந்து கன்னத்தில் கோடு போட்டிருக்கும். சிறுநீர் சொட்டிக்கொண்டே இருந்து பின்னங்கால்களின் உட்புறம் நனைந்து கிடக்கும். வாடை தூரத்திலேயே அடிக்கும். ஆசிய யானையின் மதத்தை நம்மவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அறிந்திருந்தாலும், ஆப்பிரிக்க யானைக்கும் மதம் உண்டு என்பதை ஜாய்ஸ் பூல், சிந்தியா மாஸ் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் 1981இல்தான் அறிவியல் இதழில் எழுதி நிறுவினார்கள்.

இப்போது உங்கள் படத்துக்கு வருவோம். இறங்கியது தவறு, சகோதரி. குழந்தையை வைத்துக்கொண்டு இறங்கியது பெரிய தவறு. ‘தலையை ஒரு ஆட்டு ஆட்டியது, ஒன்றும் செய்யவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆட்டுதான் அது செய்தது. தலையைச் சட்டென்று உதறுவது, தின்பதை நிறுத்திவிட்டு அசையாமல் நிற்பது, துதிக்கையை உங்கள் பக்கம் நீட்டி மோப்பம் பிடிப்பது, காலால் மண்ணைத் தட்டுவது, இதெல்லாம் ‘போதும், போ’ என்று அது சொல்லும் வழிகள். ஓடி வந்தால் மணிக்கு சுமார் 25 கிலோமீட்டர் வேகம் எடுக்கும். மேடு பள்ளம், புதர் எதுவும் அதற்குத் தடையில்லை, உங்களுக்குத் தடை. பொய்யாக மிரட்ட வருகிறதா, நிஜமாகவே வருகிறதா என்று காதின் நிலையைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று சிலர் உபதேசம் செய்வார்கள். அந்த ஆராய்ச்சியை நேரில் செய்யாதீர்கள். வண்டிக்குள்ளேயே இருங்கள், ஹாரன் வேண்டாம், ஃபிளாஷ் வேண்டாம், அதற்கு வழிவிட்டுப் பின்வாங்குங்கள்.

இனி அம்மா, பாட்டி விஷயம். யானை வாழ்க்கையில் என்னை இன்றும் அசத்துவது இந்தப் பகுதிதான்.

யானை தாயின் வயிற்றில் ஏறத்தாழ 22 மாதம் இருக்கிறது. நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் இதைவிட நீண்ட கர்ப்பம் வேறு எதற்கும் இல்லை. பிறக்கும்போதே சுமார் 100 கிலோ இருக்கும். ஓரிரு மணி நேரத்தில் எழுந்து நின்றுவிடும், ஆனால் துதிக்கையை என்ன செய்வது என்று மட்டும் தெரியாது. அது முகத்துக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருக்கும்; குட்டி அதை ஆட்டிப் பார்க்கும், வாயில் வைத்துச் சப்பும், சில சமயம் தானே மிதித்துத் தடுமாறும். பால் குடிப்பது வாயால்தான். தாயின் முலைகள் இரண்டும் முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கின்றன. குட்டி துதிக்கையைத் தூக்கி ஓரமாக வைத்துக்கொண்டு வாயை நேராகக் கொண்டுபோய்க் குடிக்கும். குளத்திலும் முதல் சில மாதங்கள் மண்டியிட்டு வாயால்தான் உறிஞ்சும். துதிக்கையில் நீர் எடுத்து வாயில் விடப் பழக மாதங்கள் ஆகும்.

இன்னொன்று, உங்கள் மகள் ‘சீ’ என்று முகம் சுளிக்கப் போகிறாள்: குட்டி தன் தாயின் சாணத்தைத் தின்னும். நார்த் தீனியைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அதன் வயிற்றில் பிறக்கும்போது போதிய அளவு கிடையாது. தாயின் சாணத்திலிருந்துதான் அவை குட்டிக்குப் போகின்றன.

ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நான்கைந்து ஆண்டு இடைவெளி இருக்கும். அதனால் ஒவ்வொரு குட்டியும் கூட்டத்துக்கே சொத்து. சேற்றில் மாட்டிக்கொண்டு ஒரு சின்ன அலறல் விட்டால் தாய் மட்டுமல்ல, அக்கா, சித்தி எல்லோரும் ஓடி வருவார்கள். குட்டி ஈனாத இளம் பெண் யானைகள் பிறர் குட்டியைக் கவனித்துத்தான் பிள்ளை வளர்ப்பைக் கற்றுக்கொள்கின்றன.

கூட்டத்தின் தலைவியான மூத்தவளின் அனுபவம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நிறைய ஆதாரம் இருக்கிறது. கென்யாவின் அம்போசெலியில் சிந்தியா மாஸ் 1972இல் தொடங்கிய ஆய்வு இன்றும் தொடர்கிறது. அங்கே யானைகளை ஒவ்வொன்றாக, தலைமுறை தலைமுறையாக அடையாளம் வைத்திருக்கிறார்கள். அந்த யானைகளுக்கு ஒலிபெருக்கியில் சிங்கத்தின் கர்ஜனையைப் போட்டுக் காட்டினார்கள். பெண் சிங்கத்தைவிட ஆண் சிங்கம் குட்டிகளுக்கு ஆபத்தானது; தனியாகவே ஒரு குட்டியை வீழ்த்திவிடும். வயதான தலைவி இருந்த குடும்பங்கள் ஆண் சிங்கத்தின் குரலுக்குக் கூடுதலாக எச்சரிக்கையாயின. இளம் தலைவிகளுக்கு அந்த வித்தியாசம் அவ்வளவாகப் பிடிபடவில்லை. தான்சானியாவின் தரங்கிரே பூங்காவில் 1993இல் கடும் வறட்சி வந்தது. சாதாரண ஆண்டில் நூற்றுக்கு இரண்டு குட்டி சாகும் இடத்தில் அந்த ஒன்பது மாதத்தில் நூற்றுக்கு இருபது செத்தன. மூத்த பெண்கள் இருந்த குடும்பங்கள் பூங்காவை விட்டே வெளியேறி வேறு இடம் தேடிப் போயின. அவற்றின் குட்டிகள் அதிகம் பிழைத்தன. தந்தத்துக்காக மூத்தவர்களை வேட்டைக்காரர்களிடம் பறிகொடுத்திருந்த குடும்பங்கள் அங்கேயே தங்கிக் குட்டிகளை இழந்தன. ஒரு கிழட்டு யானையைக் கொல்கிறவன் ஒரு யானையை மட்டும் கொல்வதில்லை.

நியாயமாக இதையும் சொல்லிவிட வேண்டும்: இந்தக் கதைகள் ஆப்பிரிக்கப் புல்வெளி யானைகளுடையவை. வெட்டவெளியில் வாழ்வதால் அவற்றைப் பார்ப்பது எளிது. ஆசிய யானையின் கூட்டம் இன்னும் தளர்வானது. இன்று சேர்ந்து மேய்ந்தவர்கள் நாளை இரண்டாகப் பிரிவார்கள், அடுத்த வாரம் வேறு உறவினரோடு சேர்வார்கள். ஆனால் ஆண்டுக்கணக்கில் கவனித்தால் அதே முகங்கள் திரும்பத் திரும்பச் சேர்வது தெரியும். மூன்றாவதாக, ஆப்பிரிக்காவின் மழைக்காடுகளில் வாழும் சிறிய உடல் கொண்ட இனம் ஒன்றும் உண்டு. அதைத் தனி இனமாக வைத்து உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மதிப்பிட்டது 2021இல்தான், அப்போதே அழிவின் விளிம்பில் இருக்கும் பட்டியலில் சேர்த்தது. உங்கள் மகள் படப் புத்தகத்தில் பெரிய காது யானையையும் சிறிய காது யானையையும் அண்ணன் தம்பி என்று நினைத்திருப்பாள். ஆசிய யானைக்கு ஆப்பிரிக்க யானையைவிட நெருங்கிய சொந்தம், அழிந்துபோன மாமூத் (mammoth) யானை.

கூட்டம் சிதறி மேய்ந்தாலும் ஒன்றையொன்று தொலைப்பதில்லை. பிளிறல் நமக்குக் கேட்கிறது. ஆனால் யானைகளின் பேச்சில் பெரும்பகுதி நம் காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்த ஒலி. கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் 1984இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் விலங்குக் காட்சியகத்தில் யானைக் கூண்டருகே நின்றபோது சத்தமே இல்லாமல் காற்று அதிர்வதை உடம்பில் உணர்ந்தார். ஒலிப்பதிவை வேகமாக ஓடவிட்டபோது உள்ளே ஒரு உரையாடலே இருந்தது. இந்த ஒலி சில கிலோமீட்டர் தூரம் போகும். காற்று அடங்கிய மாலையில் இன்னும் தூரம். நிலத்தின் வழியாக வரும் அதிர்வையும் பாதத்தால் உணர்கின்றன.

மூக்கால் தண்ணீர் குடிக்குமா என்ற கேள்விக்கு: மொள்வது மூக்கால், குடிப்பது வாயால். துதிக்கை என்பது மூக்கும் மேலுதடும் சேர்ந்து நீண்டது. உள்ளே ஒரு எலும்பு கிடையாது, முழுக்கத் தசை. வளர்ந்த யானை ஒரு முறைக்கு எட்டு, பத்து லிட்டர் வரை உறிஞ்சித் துதிக்கையிலேயே நிறுத்தி, அப்படியே வாய்க்குள் பீய்ச்சும். ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். ஆசிய யானையின் துதிக்கை நுனியில் விரல் போன்ற ஒரு முனை, ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு.

துதிக்கையின் வேலைத்திறனைப் பார்க்க வேண்டுமானால் அது புல் தின்னும்போது பாருங்கள், வண்டிக்குள் இருந்தபடி. ஒரு கற்றைப் புல்லைச் சுற்றிப் பிடிக்கும். கால் நகத்தால் அடியில் ஒரு உதை விட்டு வேரோடு பெயர்க்கும். பிறகு உடனே வாயில் போடாது. முன்னங்காலில் தட்டும், தட்டும், மண் உதிரும் வரை தட்டும். பிறகு வேர்ப்பகுதியைக் கடித்துத் துப்பிவிட்டுத் தின்பதும் உண்டு. மண் பல்லைத் தேய்த்துவிடும். யானைக்குப் பல் என்ன விலை என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். கண் பார்வை அதற்குச் சுமார்தான். மோப்பம்தான் அதன் உலகம். மணம் அறிவதற்கான மரபணுக்கள் ஆப்பிரிக்க யானைக்கு ஏறக்குறைய 2,000 உள்ளன. நாய்க்கு இருப்பதைப் போல இரு மடங்கு.

தூக்கம் மிகக் குறைவு. காரணம் வயிறு. நாளொன்றுக்கு 150 கிலோ வரை தின்ன வேண்டும், தின்றதில் பாதிகூடச் செரிக்காது. அதனால் பதினாறு, பதினெட்டு மணி நேரம் மேய்ச்சலிலேயே போய்விடுகிறது. போட்ஸ்வானாவில் இரண்டு தலைவி யானைகளின் துதிக்கையில் அசைவை அளக்கும் சிறு கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. சராசரியாக நாளுக்கு இரண்டே மணி நேரத் தூக்கம், அதிலும் பெரும்பாலும் நின்றபடியே. படுத்துத் தூங்கியது மூன்று, நான்கு நாளைக்கு ஒரு முறை. ஆபத்தை உணர்ந்து தப்பி நடந்தபோது 46 மணி நேரம் வரை தூங்காமலே இருந்தன.

செரிக்காத பாதி வீணாவதில்லை. யானைச் சாணத்தைக் குச்சியால் கிளறினால் நார் நாராகப் பிரியும், நடுவே முழு விதைகள் கிடக்கும், அடியில் சாண வண்டுகள் வேலையைத் தொடங்கியிருக்கும். பல மரங்களின் விதைகள் தாய்மரத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் தள்ளிப் போய், எருவோடு விழுவது இப்படித்தான்.

தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது பற்றி அவள் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன், ஏனென்றால் யானையை முட்டாளாக்கி ஒரு பழமொழியே வைத்திருக்கிறோம். நனைந்த உடம்பில் மண்ணைப் பூசினால் வெயில் சுடாது, பூச்சி கடிக்காது. யானையின் தோலில் வியர்வைச் சுரப்பிகள் இல்லையென்றே சொல்லலாம். சுருக்கங்களில் தேங்கிய நீரும் சேறும்தான் மெதுவாக உலர்ந்து உடம்பைக் குளிர்விக்கின்றன. காதை விசிறுவதும் அதற்கே.

கடைசியாக மரணம். ரகசியச் சுடுகாடு எதுவும் கிடையாது. ஆனால் அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது, அதற்குத்தான் பல்லை நிறுத்திவைத்தேன்.

தந்தம் என்பது யானையின் வெட்டுப்பல், அதை விட்டுவிடுவோம். தின்பது கடைவாய்ப் பற்களால். ஒரு முதிர்ந்த யானையின் கடைவாய்ப் பல்லைக் கையில் எடுத்தால் கனம் மணிக்கட்டை இழுக்கும். மேற்பரப்பு புதிதாகக் கொத்திய அம்மியைப் போல வரிவரியாகச் சொரசொரப்பாக இருக்கும். வாயில் ஒவ்வொரு பக்கமும், மேலும் கீழும், இப்படி ஒரு பல்தான் பெரும்பாலும் வேலை செய்கிறது. அது தேயத் தேயப் பின்னாலிருந்து புதியது முன்னோக்கி நகர்ந்து வரும். பழையது துண்டு துண்டாக உடைந்து விழும். வாழ்நாளுக்கு இப்படி ஆறு முறை. ஆறாவதும் தேய்ந்தால் ஏழாவது வராது. அப்போது யானைக்கு வயது அறுபதை ஒட்டியிருக்கும். மரப்பட்டையும் மூங்கிலும் மெல்ல முடியாது. மெல்லாமல் விழுங்கக்கூடிய மென்மையான செடிகள் வளரும் சதுப்பு நிலங்களையும் நீர்க்கரைகளையும் தேடிப் போகும். கடைசி நாட்களை அங்கேயே கழித்து அங்கேயே விழும். அதனால் அத்தகைய இடங்களில் எலும்புகள் சேர்ந்து கிடந்தன, அதைப் பார்த்தவர்கள் கதை கட்டினார்கள்.

கதையில்லாத உண்மை ஒன்று உண்டு. வழியில் யானை எலும்பைக் கண்டால் யானைகள் நின்றுவிடும். துதிக்கையால் தடவும், பாதத்தால் மெல்லப் புரட்டும். அம்போசெலியில் யானை, காண்டாமிருகம், எருமை மூன்றின் மண்டையோடுகளையும் வைத்துப் பார்த்தார்கள். யானைகள் யானையின் மண்டையோட்டையே அதிகம் நாடின. ஆனால் தங்கள் சொந்தத் தலைவியின் மண்டையோட்டையும் அந்நியத் தலைவியின் மண்டையோட்டையும் வைத்தபோது வேறுபாடு காட்டவில்லை. அதை அழுகை என்று நான் சொல்லமாட்டேன், ஒன்றுமில்லை என்றும் சொல்லமாட்டேன்.

உங்கள் மகளுக்கு ஒரு வேலை தருகிறேன். யானை குதிகாலின் கீழே கொழுப்பு மெத்தை வைத்துக்கொண்டு விரல் நுனியில் நடக்கும் விலங்கு. அதனால்தான் அத்தனை டன் எடை சத்தமில்லாமல் போகிறது. முன்னங்கால் தடத்தின் சுற்றளவைக் கயிறு வைத்து அளந்து இரண்டால் பெருக்கினால், அந்த யானையின் தோள் உயரம் ஏறக்குறைய கிடைத்துவிடும். முன்னங்கால் தடம் வட்டமாக இருக்கும், பின்னங்கால் தடம் நீள்வட்டம், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஈர மண்ணில் தெளிவான தடம் கிடைத்தால் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன், கூட வரும் வனக்காவலரிடம் அந்தத் தடம் எப்போது பதிந்தது என்று கேளுங்கள். ‘இன்று காலை’ என்று சொன்னால் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள்.